அடுப்பங்கரைக்கு ஏழு நாள் லீவு

"அம்மா, ஒரு வாரம்... ஒரே ஒரு வாரம், 'இன்னிக்கு என்ன சமையல்?'னு யாரும் என்னைக் கேட்காம இருந்தாப் போதும்மா."

பாத்திரம் தேய்க்கிற தொட்டியின் முன்னால் நின்றுகொண்டு என் பெண் இப்படிச் சொன்னாள். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டுக்கொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

2025 செப்டம்பரில் நான் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில் அவள் வீட்டில் போய் இறங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பேரனுக்கு நாலு வயசு. பேத்திக்கு இரண்டேகால். பெரியவனுக்கு ஊட்டி முடிக்கும்போது சின்னது அழும். சின்னதைத் தூங்கவைத்தால் பெரியவன் எழுப்பிவிடுவான். வேலைக்காரி, பக்கத்து வீட்டு மாமி, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அத்தை... இதெல்லாம் அங்கே ஏது? பேத்தி பிறந்ததிலிருந்து இவள் ஒருநாள் ராத்திரிகூடச் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் தூங்கியதில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவு. நிமிர்ந்தால் முதுகு பிடிக்கிறது. முப்பத்திரண்டு வயசுதான் ஆகிறது!

நான் வந்தபிறகு கரண்டியை என் கையில் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் வீட்டில் இருக்கிறவரை ஓய்வு என்பது ஓய்வில்லை, சகோதரிகளே. துணி மெஷின் கூப்பிடும். வாசல் மணி கூப்பிடும். நாம்தான் உட்கார மாட்டோமே!

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஆபீசிலிருந்து ஒரு சேதியோடு வந்தார்.

"அத்தை, கப்பல்ல போகலாமா? ஏழு நாள். சமையல் கிடையாது, பெருக்கறது கிடையாது. உலகத்துலயே பெரிய கப்பல், இங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல இருக்கற துறைமுகத்துலேர்ந்து கிளம்புது."

அவருடன் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு போய்வந்து போட்டோக்களைக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு அதே நினைப்பு. என் பெண்ணுக்கோ பணத்தை நினைத்துப் பயம். வீட்டுக் கடன், கார் கடன், பையனின் நர்சரிப் பள்ளிக் கட்டணம்... "அதெல்லாம் வேண்டாம், பக்கத்துல ரெண்டு நாள் எங்கேயாவது போய்ட்டு வரலாம்" என்றாள். "ரெண்டு நாள் போனாலும் நீதான் குழந்தைகளுக்குக் கலந்து கொடுக்கணும்" என்றேன் நான்.

எனக்குக் கப்பல் என்றால் என் பெரியப்பா ஞாபகம்தான் வரும். நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர் அவர். "கப்பலோட நீளத்தையா சாப்பிடப் போறே? படுக்க என்ன இடம், பசிக்கு என்ன சோறு, அதைக் கேளு முதல்ல" என்பார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு, என் வழக்கப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டேன். முப்பத்தைந்து வருஷமாகப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதின கை. கப்பல் கணக்கு மட்டும் எழுத வராதா என்ன?

எங்களுக்கு வசதியான துறைமுகம் போர்ட் கனாவரல். அங்கிருந்து ஏழு நாள் போகிற புதிய, பெரிய கப்பல்கள் மூன்றை எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, மாப்பிள்ளை ஆசைப்பட்ட 'ஸ்டார் ஆஃப் தி சீஸ்'. ராயல் கரீபியன் கம்பெனியுடையது. 2025 ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பித்தது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் தங்கை. இரண்டும் ஒரே அளவு, இருபது தளம். டைட்டானிக்கைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! அடேயப்பா!

இரண்டாவது, 'டிஸ்னி டிரஷர்'. 2024 டிசம்பரில் வந்தது. மிக்கி மவுஸ் டிஸ்னிதான். குழந்தைகளுக்கென்றே செய்தது.

மூன்றாவது, கார்னிவல் கம்பெனியின் 'மார்டி கிரா'. 2021-ல் வந்தது. மேல்தளத்தில் ரோலர் கோஸ்டர் வைத்த முதல் கப்பல். மற்ற இரண்டையும் பார்க்க இது கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் வந்த 'எம்.எஸ்.சி. வேர்ல்ட் அமெரிக்கா'வையும் மாப்பிள்ளை சொன்னார். அது மயாமியிலிருந்து கிளம்புகிறது. காரில் நாலு மணி நேரம். கைக்குழந்தையோடு காலையில் ஓட முடியாது. முதல்நாளே போய் ஓட்டலில் தங்கவேண்டும். ஓட்டல், பெட்ரோல், கார் நிறுத்தக் கூலி என்று கட்டணத்தின்மேல் ஏறிக்கொண்டே போகும். அதை விட்டுவிட்டோம். கிட்டத்துத் துறைமுகம் என்றால் சிநேகிதர் யாராவது காரில் கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஏழு நாள் நிறுத்தக் கூலி மிச்சம்.

நோட்டில் முதல் கேள்வி: தலைக்கு எவ்வளவு இடம்?

கப்பல்காரர்கள் 'கிராஸ் டன்னேஜ்' என்று ஒரு எண் சொல்கிறார்கள். அது கப்பலின் எடை இல்லை. கப்பலுக்குள்ளே அடைபட்டிருக்கும் மொத்த இடத்தை வைத்துப் போடுகிற கணக்கு. அறைக்கு இரண்டு பேர் வீதம் எத்தனை பயணிகள் என்பதையும் சொல்கிறார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்று ஒரு மாதிரி பிடிபடும்.

ஸ்டாருக்கு 2,48,663-ஐ 5,610-ஆல் வகுத்தேன். 44 வந்தது. டிஸ்னிக்கு 1,44,000, அறைகள் 1,256, இரண்டிரண்டு பேர் என்றால் 57. மார்டி கிராவுக்குச் சுமார் 1,80,000, பயணிகள் சுமார் 5,300, 34தான் வந்தது.

பாருங்களேன்! மூன்றில் சின்னக் கப்பலில்தான் தலைக்கு அதிக இடம். கல்யாண மண்டபம் பெரிது என்று சொன்னால் மட்டும் போதுமா? எத்தனை பேருக்குப் பத்திரிகை அடித்திருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டாமா? விடுமுறை நாட்களில் ஒரே அறையில் மூன்று பேர், நாலு பேர் என்று அடைவதால் கூட்டம் இன்னும் ஏறும். ஸ்டாரில் நிறைந்தால் 7,600 பேர் வரை ஏறலாம். நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்று அப்படியே மிதந்து போகிற மாதிரி!

இரண்டாவது கேள்வி: விளம்பரத்தில் போட்ட விலையில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போட்டிருக்கும் விலை பெரும்பாலும் 'அறையில் இருவர் தங்கினால், ஒருவருக்கு' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் குறைவாக வாங்குவார்கள். ஆனால் தனியாக ஒருவர் போனால் அநேகமாக இரண்டு பேர் கட்டணத்தைக் கட்டவேண்டிவரும். துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டு. அதற்குமேல், தினப்படி 'டிப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 2025-ல் சாதாரண அறைக்கு ஸ்டாரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் 50 சென்ட். மார்டி கிராவில் 16 டாலர். இரண்டேகால் வயசுப் பேத்தியும் இந்தக் கணக்கில் ஓர் ஆள்தான்! ஐந்து பேர், ஏழு நாள். ஸ்டாரில் 647 டாலர் 50 சென்ட். மார்டி கிராவில் 560 டாலர். இது விளம்பர விலையில் இருக்காது.

பெரிய சாப்பாட்டுக் கூடம், தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்கிற இடம், சாதா காபி, டீ, குடிதண்ணீர், பாட்டு நாடகக் காட்சிகள், நீச்சல் குளம், தண்ணீர்ச் சறுக்கு... இவை மூன்றிலும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியவை. தனிப்பட்ட ஓட்டல்கள், இன்டர்நெட், போட்டோ, கரையில் ஊர் சுற்றிக் காட்டுவது, இவற்றுக்குத் தனிக் காசு. சோடா, கலர் வகைகளுக்கு மற்ற இரண்டிலும் காசு. டிஸ்னியில் சாப்பாட்டோடு சேர்த்தி. ரோலர் கோஸ்டருக்கும் ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம்தான்.

மூன்றாவது கேள்வியை எழுதும்போதுதான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் உரசல் வந்தது.

"அத்தை, ஆறு தண்ணிச் சறுக்கு இருக்கு இந்தக் கப்பல்ல! ஏழு குளம்! போறதே ஒரு தடவை. காசைப் பார்க்காதீங்க" என்றார்.

"நான் காசைப் பார்க்கலை, மாப்பிள்ளை. அவ தூக்கத்தைப் பார்க்கறேன்" என்றேன். "இந்த ஆறு சறுக்குல யார் ஏறப் போறா? பெரிய சறுக்குக்கெல்லாம் உயரம் அளந்துதான் விடுவாங்களாம். பையனுக்கு உயரம் பத்தாது. சின்னதுக்கு நாப்பி. நாப்பி கட்டின குழந்தையைப் பொதுக் குளத்துல இறக்கவே விடமாட்டாங்க. நானோ சறுக்கற வயசைத் தாண்டியாச்சு. அப்போ நீங்க ஒருத்தர் சறுக்கறதுக்கா இத்தனை பணம்?"

மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார். எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாவம், அவரும் ஆசையாகத்தானே சொன்னார்? அவருடைய அப்பா அம்மா அவரை எங்கேயும் கூட்டிப்போன சக்தி உள்ளவர்கள் இல்லை. தன் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே பெரியதைக் காட்டவேண்டும் என்று நினைப்பது தப்பா?

ராத்திரி அவரே வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க அத்தை, மூணாவது கேள்வி என்ன?"

"குழந்தைகளை யார் பார்த்துப்பா? அதுதான் கேள்வி."

மூன்று கப்பலிலும் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்டாரிலும் டிஸ்னியிலும் மூன்று வயசு முடிந்து, தானாகக் கழிவறை போகப் பழகிய குழந்தைகளுக்கு அது இலவசம். அதற்குச் சின்னதென்றால் தனி நர்சரி. மணிக்கு இவ்வளவு என்று காசு. மார்டி கிராவிலோ இரண்டு வயசிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். நாப்பி கட்டியிருந்தாலும் பரவாயில்லை. இரவு பத்து மணி வரை தனிக் காசு கிடையாது.

இந்த ஒரு வரியைப் படித்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ பகல்ல அவளும் தூங்கலாம்..."

அதோடு முடிவாகிவிட்டது. எங்கள் வாரத்துக்கு டிஸ்னிதான் எல்லாவற்றிலும் விலை உச்சம். ஸ்டாரில் ஆகிற பணத்தில் ஏறக்குறையப் பாதிக்கு மார்டி கிராவில் இரண்டு அறை கிடைத்தது. இன்னொரு யுக்தியும் செய்தோம். கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிட்டு டிசம்பர் முதல் வாரத்தைப் பிடித்தோம். அந்தப் பக்கத்துப் புயல் காலம் நவம்பரோடு முடிகிறது. பள்ளி விடுமுறை இன்னும் விட்டிருக்காது. விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. தலைக்கு 34 என்கிற குறை இதில் பாதி சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லாத இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாக்கியம் இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான்!

அறை எடுத்ததிலும் சிக்கனம் பார்த்தோம். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. "ஜன்னல் இல்லாத அறையா! மூச்சு முட்டாதோ?" என்று நான்தான் முதலில் பயந்தேன். போய்ப் பார்த்தால் குளுகுளுவென்றிருந்தது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகல் தூக்கத்துக்கு அதைவிடச் சொர்க்கம் வேறில்லை. பால்கனி அறை என்றால் குழந்தை கதவைத் திறந்துவிடுமோ, கம்பியில் ஏறிவிடுமோ என்று தாய்க்குக் கண் மூடாது. கடலைப் பார்க்கவேண்டுமென்றால் மேலே போனால் ஆயிற்று; எல்லோருக்கும் பொதுவான கடல்தானே!

ஒரு அறையில் நானும் பேரனும். எதிர் அறையில் அவர்கள் மூன்று பேரும்.

மூட்டை கட்டும்போது நான் வழக்கம்போலச் சின்ன ரைஸ் குக்கரையும் புளிக்காய்ச்சலையும் எடுத்து வைத்தேன். சின்ன வயசில் பழனி போனாலும் திருப்பதி போனாலும் புளியோதரை, ஸ்டவ், மண்ணெண்ணெய் என்று சமையலறையையே தூக்கிக்கொண்டு போன பழக்கம் விடுமா? மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சூடேற்றும் சாமான் எதுவும் கப்பலில் கூடாது, நெருப்புப் பயம். வீட்டில் செய்த பண்டமும் கூடாது. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் மட்டும் கொஞ்சம் கொண்டுபோகலாம். நல்லவேளை, ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மரப்பா கடைப் பாக்கெட்டாகவே இருந்தது.

அந்த இஞ்சி மரப்பாதான் கைகொடுத்தது! இரண்டாம் நாள் காற்று கொஞ்சம் பலமாக அடிக்க, என் பெண்ணுக்குத் தலை சுற்றியது. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நடுத்தளத்தில் போய் உட்கார்ந்தாள். அரை மணியில் சரியாயிற்று. தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குவது நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. பல சமயம் விலையும் குறைவு.

உடம்பு விஷயத்தில் இன்னும் சில. தினம் சாப்பிடும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் பீஸ் கடுமை. என்னைப் போல இந்தியாவிலிருந்து போகிற பெரியவர்கள் கப்பல் பயணத்துக்கும் செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறவே கூடாது. இருபத்துநாலு வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளையும், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. கூட்டமாகச் சாப்பிடுகிற இடத்தில் வாந்தி பேதி ஒட்டிக்கொள்ளும். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தைகளைத் தட்டைத் தொடவிடவில்லை நான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையல்கட்டையும் குடிநீரையும் அந்நாட்டு சுகாதாரத் துறையினர் திடீரென்று வந்து சோதித்து நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். 86-க்குக் குறைந்தால் ஃபெயில்! மார்க்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சறுக்குகளை எண்ணுகிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளலாமே.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற பையனிடம் முதல் நாளே சொல்லிவைத்தோம். சாதம், பருப்பு, ஒரு காய், தயிர்ப் பச்சடி, அப்பளம் வந்தது. நம் வீட்டுச் சமையல் மாதிரி என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, தட்டை யாரோ எடுத்துப்போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஏழு நாள் சேர்ந்தாற்போல் நான் அடுப்பைத் தொடாமலிருந்தது அந்த வாரம்தான். பிரசவத்துக்குப் படுத்தபோதுகூடப் படுக்கையிலிருந்தே 'புளி எவ்வளவு ஊறவைக்கணும்'னு சொல்லிக்கொண்டிருந்தவள் நான்!

முதல் நாள் பேத்தி விளையாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு அழுகை அழுதாளே, என் பெண்ணும் சேர்ந்து அழுதாள். "வேண்டாம்மா, கூட்டிண்டு போயிடலாம்" என்றாள். "பத்து நிமிஷம் மறைவா நிப்போம்" என்றேன். ஐந்தாவது நிமிஷம் உள்ளே எட்டிப் பார்த்தால், அந்தப் பொடிசு வண்ணக் கட்டைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

அன்று மத்தியானம் என் பெண் அறைக்குப் போய்ப் படுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கதவைத் தட்டியபோது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு. கல்லூரியில் படிக்கும்போது பரீட்சை முடிந்து வந்து தூங்கி எழுந்திருப்பாளே, அதே முகம். நான் ஒன்றும் பேசாமல் அவளுக்கு ஒரு கப் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்தது ஒரு இந்தோனேசியப் பெண். எப்போதும் சிரித்த முகம். அவளுக்கும் ஊரில் ஒரு குழந்தை. கப்பலில் மாதக்கணக்கில் வேலை. குழந்தையை அவள் அம்மா வளர்க்கிறாள். அவள் போன் படத்தைக் காட்டினபோது என் பேத்தி வயசுதான் இருக்கும் அந்தக் குழந்தைக்கு. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. என் பெண் தூங்குவதற்காக இன்னொருத்தி பெற்ற பெண் படுக்கை விரிக்கிறாள்.

தினப்படி டிப்ஸைக் கவுண்ட்டரில் போய்ச் சொல்லி எடுத்துவிடலாம், பணம் மிச்சம் என்று ஒரு சிநேகிதர் மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்" என்றேன். அவரும் தலையாட்டினார். கடைசி நாள் அந்தப் பெண்ணின் கையில் தனியாகவும் ஒரு கவர் கொடுத்தோம். 'மலிவு' என்று பார்க்கும்போது இந்தக் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

மெக்சிகோ நாட்டின் கோசுமெல் தீவில் கரையிறங்கினோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. ஆனால் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய அந்த விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்கவேண்டும். ஏறுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் சுற்றுலா எதற்கும் பணம் கட்டவில்லை. நடந்தோம், ஒரு குடை நிழலில் உட்கார்ந்தோம், குழந்தைகள் மண்ணில் வீடு கட்டினார்கள். கப்பல் புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிட்டோம். தனியாகச் சுற்றப்போய்த் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

தவறு ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது, என்னால்தான்! பில்டர் காபிக்குப் பழகின நாக்கு. தினம் காலையில் ஒரு காபிக் கடையில் போய் நுரை பொங்கும் காபியாக வாங்கிக் குடித்தேன். அறைச் சாவி அட்டையைக் காட்டினால் கொடுத்துவிட்டார்கள். 'அடடே, இதுவும் சேர்த்திதான் போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாள் பில்லில் வரிசையாக ஏழு காபி! கப்பலில் கையில் காசு புழங்காது, எல்லாம் அந்த அட்டைதான். அதனால் செலவு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்கைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஊருக்கெல்லாம் கணக்கு சொன்ன மாமியாருக்கே பில் வந்ததில் மாப்பிள்ளைக்குப் பரம சந்தோஷம்!

ஆகமொத்தம் எந்தக் கப்பல் 'கொடுத்த காசுக்குப் பெறும்' என்று கேட்டால், ஒரே பதில் கிடையாது. எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள், சறுக்கி ஆடி ஓடுகிறவர்கள் இருக்கிற குடும்பத்துக்கு ஸ்டார் கப்பலின் ஆறு சறுக்கும் ஏழு குளமும் காசுக்குப் பெறும். கூட்டம் பிடிக்காது, வசதி இருக்கிறது என்பவர்களுக்கு டிஸ்னியின் விசாலம் பெறும். எங்களுக்கு இரண்டேகால் வயசுப் பேத்தியை ஏற்றுக்கொண்ட கூடம்தான் பெற்றது. பேத்தி மூன்று வயசாக இருந்திருந்தால் என் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கப்பல் ஏறுகிறவர்களும் இதே மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: தலைக்கு எவ்வளவு இடம்? விலையில் எது சேர்த்தி? நம் வீட்டில் யாருக்காகப் போகிறோம்?

திரும்பி வந்த அன்று மத்தியானம். பெட்டிகள் கூடத்தில் கிடக்கின்றன. அழுக்குத் துணி மலைபோல. மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "இன்னிக்கு என்ன சமை..." என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். என் பெண் அவரைப் பார்த்தாள். நான் என் கணக்கு நோட்டைப் பார்த்தேன்.

"ரவை எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவரே சமையலறைக்குள் போனார்.

உப்புமா கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. கடுகு பாதி பொரியவேயில்லை. என் பெண் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்புகிறவரை சனிக்கிழமை ராத்திரி அடுப்பு அவர் பொறுப்பாகவே இருந்தது. இப்போதும் அப்படித்தான் என்று போனில் சொன்னாள். கட்டி தட்டுவது நின்றுவிட்டதாம்!